கீலேரி குஞ்ஞிக்கண்ணன்: களரியில் தொடங்கிய பயிற்சி, கூடாரத்தில் தொலைந்த சிகிச்சை

கங்கைகொண்டானில் இருந்து திருநெல்வேலி ஜங்ஷனுக்கு பஸ்ஸில் அரை மணி நேரம்தான். சின்ன வயசுல அந்தப் பயணத்துக்காக நான் அடம்பிடிச்சு அழுதது ஒரே ஒரு முறை. நெல்லைக்கு சர்க்கஸ் வந்திருந்த சமயம் அது.

யானை, கோமாளி, மோட்டார் சைக்கிள் கூண்டு எல்லாமே இப்போ மங்கலாத்தான் ஞாபகம் இருக்கு. தெளிவா நினைவில் இருப்பது வேற ஒண்ணு. காட்சி முடிந்து தண்ணீர் தேடி கூடாரத்தின் பின்பக்கம் போனபோது, சற்றுமுன் பார் விளையாட்டில் பறந்த அக்கா ஒரு தகரப் பெட்டி மேல் உட்கார்ந்து, வலது தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் மேக்கப் அப்படியே இருந்தது. அடுத்த காட்சி தொடங்க இரண்டு மணி நேரம்கூட இல்லை.

இந்திய சர்க்கஸ் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது அந்தத் தைல வாசனைதான் திரும்ப வந்தது. காரணம், தென்னிந்தியாவில் சர்க்கஸ் கலைஞர்களை முதன்முதலில் வரிசையாக உருவாக்கி அனுப்பியவர் ஒரு களரி ஆள். உடம்பைப் பழக்குவதும், அடிபட்ட உடம்பைச் சரிசெய்வதும் ஒரே ஆசானின் வேலை என்று நினைத்த மரபில் இருந்து வந்தவர். அவர் பெயர் கீலேரி குஞ்ஞிக்கண்ணன்.

யார் இந்தக் குஞ்ஞிக்கண்ணன்?

கேரளத்தின் வடக்கே, கண்ணூர் மாவட்டத்தில் உள்ள தலச்சேரிக்காரர். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிறந்தவர். அன்று மலபார், மெட்ராஸ் மாகாணத்தின் ஒரு மாவட்டம். அந்தக் கணக்கில் நம்ம திருநெல்வேலியும் தலச்சேரியும் ஒரே மாகாணத்து ஊர்கள்தான்.

தலச்சேரிக்காரர்கள் தங்கள் ஊரைப் பற்றிச் சொல்லும்போது மூன்று விஷயங்களை அடுக்குவார்கள்: கிரிக்கெட், கேக், சர்க்கஸ். முதல் இரண்டும் வெள்ளைக்காரர்களைப் பார்த்து வந்தவை. மூன்றாவது வந்ததற்குக் காரணம் குஞ்ஞிக்கண்ணன். அவர் களரிப்பயட்டு கற்றவர், ஜிம்னாஸ்டிக்ஸும் தெரிந்தவர். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்ததால் ஊரே அவரை 'டீச்சர்' என்றுதான் அழைத்தது. அந்தப் பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

இங்கே இன்னொருவரையும் சொல்லிவிட வேண்டும். மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த விஷ்ணுபந்த் சத்ரே. குதிரைப் பயிற்சியில் கில்லாடி. பம்பாய்க்கு வந்த கியாரினி என்ற இத்தாலியரின் சர்க்கஸைப் பார்த்துவிட்டு, இதை நம்மாலும் செய்ய முடியும் என்று இறங்கி, 1880-ல் கிரேட் இந்தியன் சர்க்கஸைத் தொடங்கியவர். இந்திய சர்க்கஸின் தந்தை என்ற பட்டம் பொதுவாக அவருக்குத்தான் போகும். குஞ்ஞிக்கண்ணனை கேரள சர்க்கஸின் தந்தை என்பார்கள். என்னைக் கேட்டால், சத்ரே கம்பெனி தொடங்கினார், குஞ்ஞிக்கண்ணன் கலைஞர்களை உருவாக்கினார். இரண்டாவதுதான் கஷ்டமான வேலை.

சர்க்கஸும் களரியும் சந்தித்தது எப்படி?

1880-களின் இறுதியில் சத்ரேயின் சர்க்கஸ் தலச்சேரிக்கு வந்தது. அங்கே இருவரும் சந்தித்தார்கள். சத்ரேயிடம் குதிரைகள் இருந்தன, கூடாரம் இருந்தது. ஆனா வித்தை காட்ட ஆள் பற்றாக்குறை. குஞ்ஞிக்கண்ணனிடம் சின்ன வயதில் இருந்தே வளைந்து, குதித்து, உருண்டு பழகிய பையன்கள் இருந்தார்கள். நீங்கள் பயிற்சி கொடுங்கள், நாங்கள் வேலை கொடுக்கிறோம் என்ற மாதிரியான ஏற்பாடு உருவானது.

இது தற்செயல் இல்லை. பழசிராஜா 1805-ல் கொல்லப்பட்ட பிறகு, மலபாரில் வெள்ளையர் ஆட்சி ஆயுதங்களுக்குக் கடுமையான கட்டுப்பாடு கொண்டுவந்தது. வாளும் ஈட்டியும் சுழன்ற களரிகள் சோர்ந்துபோயின. போருக்காகப் பழக்கிய உடம்புகளுக்குப் போர் இல்லை. அந்த உடம்புகளுக்கு ஒரு புது வேலையைக் காட்டியது சர்க்கஸ்.

1901-ல் தலச்சேரி அருகே சிறக்கரையில் குஞ்ஞிக்கண்ணன் முழுமையான சர்க்கஸ் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். மூன்றே வருடத்தில், 1904-ல், அவருடைய மாணவர் பரியாளி கண்ணன், கிராண்ட் மலபார் சர்க்கஸ் என்று சொந்தக் கம்பெனியே தொடங்கிவிட்டார். அது அதிக நாள் ஓடவில்லை. ஆனா கதவு திறந்துவிட்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் தலச்சேரி ஆட்கள் நடத்திய சர்க்கஸ்கள் வரிசையாக வந்தன. கண்ணன் பொம்பாயோ என்ற பெயரில் உலகம் அறிந்த கயிற்று வித்தைக்காரர், ஐரோப்பா வரை போய் ஆடியவர், இந்தப் பயிற்சியில் இருந்து வந்தவர்தான்.

களரி என்பது ஜிம் மட்டும் இல்லையா?

இல்லை. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

வடக்கன் களரி என்பது தரையில் தோண்டிய ஒரு குழி. சுமார் 42 அடி நீளம், 21 அடி அகலம். மண் தரை. மாணவர் உள்ளே இறங்கும்முன் இடுப்பில் 'கச்ச' என்ற நீளமான துணியை இறுக்கிச் சுற்றிக்கொள்வார். இன்று ஜிம்மில் எடை தூக்குகிறவர்கள் பெல்ட் கட்டுகிறார்களே, கிட்டத்தட்ட அதே யோசனை. உடம்பு முழுக்க எண்ணெய். பிறகு கால் வீச்சு, தாழ்ந்த நிலைகள், அதிலிருந்து குதித்து எழுவது எனப் படிப்படியாகப் போகும். ஆயுதம் கையில் வரவே பல மாதங்கள் ஆகும்.

இதோடு சேர்ந்ததுதான் உழிச்சில். மழைக்காலத்தில், கர்க்கடக மாதத்தில், அதாவது நம்ம ஆடி மாதக் கணக்கில், மாணவர்களைத் தரையில் படுக்கவைத்து, மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆசான் தன் பாதத்தால் உடம்பு முழுக்க நீவிவிடுவார். எந்தத் தசை இறுகியிருக்கிறது, எந்த மூட்டு அசைய மறுக்கிறது என்பது அவருடைய காலுக்கே தெரியும். சுளுக்கு, மூட்டு விலகல், எலும்பு முறிவு, மர்ம இடங்களில் அடி, எல்லாவற்றுக்கும் களரியிலேயே வைத்தியம் உண்டு. அடிக்கக் கற்றுக்கொடுக்கிறவருக்கு, அடிபட்டதைச் சரிசெய்யவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி.

நம்ம பக்கத்துக்கு இது புதுசு இல்லை. மர்மம் என்று அங்கே சொல்வதைத்தான் கன்னியாகுமரி, திருநெல்வேலி பக்கம் வர்மம் என்கிறோம். அங்கே குருக்கள், இங்கே ஆசான். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் இன்றைக்கும் வர்மம் பாடமாக இருக்கிறது.

உலகத்தின் இன்னொரு மூலையிலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. 1813-ல் ஸ்வீடன் நாட்டில் பேர் ஹென்ரிக் லிங் என்பவர் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். உடற்பயிற்சி, கைகளால் நீவுதல், நோயாளிக்கான அசைவுகள் என்று அங்கே வளர்ந்ததில் இருந்துதான் நவீன பிசியோதெரபி கிளைவிட்டது. ஸ்டாக்ஹோமிலும் தலச்சேரியிலும் பயிற்சியும் சிகிச்சையும் ஒரே அறையில் பிறந்தவை. அங்கே அது பட்டம், பதிவு, மருத்துவமனை என்று வளர்ந்தது. இந்தியாவில் பிசியோதெரபிக்கு முறையான கல்வி வந்தது 1950-களில்தான். பம்பாயில் போலியோ பரவியதை அடுத்து, 1953-ல் கே.இ.எம். மருத்துவமனையில் அந்தப் பள்ளி தொடங்கியது. குஞ்ஞிக்கண்ணன் இறந்து அப்போது 14 வருடங்கள் ஆகியிருந்தன.

சர்க்கஸ் உடம்புக்கு என்ன ஆகும்?

பார் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். உடம்பு கிடைமட்டமாக இருக்கும் உயரத்தில் இருந்து ஊசலாடிக் கீழே வரும்போது, அடிப்புள்ளியில் கைகள் தாங்க வேண்டிய சுமை உடல் எடையைப் போல 3 மடங்கு. இது பிளஸ் ஒன் இயற்பியல் கணக்குதான். 60 கிலோ ஆள் என்றால் அந்த ஒரு நொடியில் தோள்கள் தாங்குவது 180 கிலோ. ஒரு காட்சியில் எத்தனை வீச்சு, ஒரு நாளைக்கு எத்தனை காட்சி என்று நீங்களே பெருக்கிப் பாருங்க.

தோள் மூட்டு நம் உடம்பிலேயே அதிகம் சுழலக்கூடியது. அதனாலேயே எளிதில் விலகக்கூடியது. கயிற்றில் தொங்கி ஆடுகிறவர்களுக்குத் தோள், தரையில் பல்டி அடிக்கிறவர்களுக்குக் கணுக்கால், உடம்பை வில்லாக வளைப்பவர்களுக்கு முதுகு. வலையில் விழுந்தால்கூட முதுகைப் பரப்பி விழ வேண்டும். தலையோ காலோ முதலில் பட்டால், காப்பாற்ற வேண்டிய வலையே கழுத்தை ஒடித்துவிடும். அதனால் பறக்கக் கற்பதற்கு முன்பே விழக் கற்றுக்கொடுப்பார்கள்.

குஞ்ஞிக்கண்ணன் காலத்திலேயே அமெரிக்காவில் லில்லியன் லைட்சல் என்ற பெண் புகழின் உச்சியில் இருந்தார். ஒரு கையில் தொங்கிக்கொண்டு, உடம்பைத் தோளுக்கு மேல் சுழற்றிச் சுழற்றி வீசுவது அவருடைய வித்தை. ஒரே மூச்சில் நூறு சுற்றுகளைத் தாண்டுவார். ஒவ்வொரு சுற்றிலும் அவர் தோள் லேசாக விலகி, திரும்ப உட்காரும். கடைசியில் அவரைக் கொன்றது தோள் இல்லை. 1931 பிப்ரவரியில் கோபன்ஹேகனில் ஆடிக்கொண்டிருந்தபோது, கயிற்றைத் தாங்கிய உலோக வளையம் முறிந்தது. விழுந்த இரண்டாம் நாள் இறந்துபோனார். அவருடைய கணவர் ஆல்பிரெடோ கோடோனா, காற்றில் மூன்று பல்டி அடிப்பதில் உலகப் பிரபலம். 1933-ல் அவருக்குத் தோள் கிழிந்தது. அதன்பிறகு அவர் பறக்கவே இல்லை. உலகத்தின் மிகப் பணக்கார சர்க்கஸின் நட்சத்திரத்துக்கே அன்று ஒரு தோளைச் சரிசெய்ய வழியில்லை.

இப்போது இதை ஒப்பிடுங்க. கனடாவின் சர்க் டு சோலே நிறுவனத்தின் 5 வருடக் காயப் பதிவுகளை வைத்து 2009-ல் ஓர் ஆய்வு வெளியானது. 1,376 கலைஞர்கள். பெரும்பாலானவை சின்னக் காயங்கள். சிகிச்சைத் தேதி பதிவான காயங்களில் 80 சதவீதம் 7 சிகிச்சைகளுக்குள் முடிந்துவிட்டன, அதிகபட்சம் ஒரு காட்சிதான் தவறியது. 1,000 முறை மேடையேறினால் 9.7 காயங்கள். அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் இதே கணக்கு 15.2. அதாவது கல்லூரி மைதானத்தைவிட அந்த சர்க்கஸ் மேடை பாதுகாப்பானது! அங்கே காயத்தைப் பதிவு செய்கிறார்கள், சின்ன வலியிலேயே பிசியோதெரபிஸ்ட்டிடம் போக முடிகிறது. நான் பார்த்த அக்காவுக்கு இருந்தது ஒரு தைல பாட்டில்.

சிகிச்சை எங்கே தொலைந்தது?

குஞ்ஞிக்கண்ணனின் மாணவர்கள் கம்பெனிகளில் சேர்ந்து ஊர் ஊராகப் போனார்கள். பயிற்சி அவர்கள் உடம்பில் இருந்தது, அதனால் கூடவே போனது. உழிச்சில் போடும் ஆசானோ, ஒரு மாதம் ஓய்வு கொடுக்கும் மழைக்காலமோ கூடாரத்தில் ஏற முடியவில்லை. ஒரு களரிக்கு ஆடி மாதம் வந்தால் வேகம் குறையும். ஒரு கம்பெனிக்கு டிக்கெட் விற்கும் வரை காட்சி உண்டு. ஆடாதவருக்குச் சம்பளம் எப்படி என்ற கேள்வி வந்தவுடனே, வலியை மறைப்பது ஒரு தொழில் திறமையாகிவிடுகிறது. என் பார்வையில், இந்திய சர்க்கஸில் நடந்த பெரிய நஷ்டம் இதுதான். புலி, சிங்கத்தை வித்தை காட்ட வைப்பதற்கு 1998-ல் வந்த தடையைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறோம். இதைப் பற்றி யாரும் பேசியதே இல்லை.

அதற்காக களரி வைத்தியத்தைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் முடியாது. நம்ம பக்கம் கை ஒடிந்தால் இன்னமும் முதலில் தேடுவது ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியையா, கட்டுப் போடுகிறவரையா என்று உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்க. எக்ஸ்ரே இல்லாமல் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினால், ரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கை விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகலாம். குழந்தைக்கு முழங்கையில் அடிபட்டவுடன் எண்ணெய் போட்டு நீவினால், தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து கை நீட்ட முடியாமல் போகும் ஆபத்து உண்டு. கழுத்திலோ முதுகெலும்பிலோ அடி என்றால், விழுந்தவரைத் தூக்கி உட்காரவைப்பதே தப்பு. அசைக்காமல் ஆம்புலன்ஸுக்காகக் காத்திருக்க வேண்டும்.

நவீன மருத்துவமும் மாறிக்கொண்டேதான் இருக்கு. சுளுக்கு என்றால் ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, காலை உயர்த்தி வைப்பது என்ற சூத்திரத்தை 1978-ல் பிரபலமாக்கியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். சுமார் 36 வருடம் கழித்து அவரே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார். இன்றைய பிசியோதெரபிஸ்ட்டுகள் முதல் சில நாள் காயத்தைக் காப்பாற்றச் சொல்வார்கள், புதுக் காயத்தை நீவ வேண்டாம் என்பார்கள். பிறகு வலி தாங்கும் அளவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாகச் சுமையை ஏற்றச் சொல்வார்கள். தாழ்ந்த நிலையில் தொடங்கி, மாதக்கணக்கில் படிப்படியாக ஏறும் களரிப் பயிற்சிக்கு இது ரொம்ப தூரத்துச் சொந்தம் இல்லை.

டீச்சரின் இன்னொரு பக்கம்

குஞ்ஞிக்கண்ணன் மரபில் சங்கடமான ஒரு விஷயமும் இருக்கு. அதைச் சொல்லாமல் விட்டால் இது வெறும் புகழ்மாலை ஆகிவிடும். இந்தப் பயிற்சி குழந்தைகளில் தொடங்கியது. எலும்பு இளசாக இருக்கும்போதே வளைக்க வேண்டும் என்பது அன்றைய நம்பிக்கை. ஆனா வளரும் எலும்பின் நுனியில் உள்ள மென்மையான பகுதியில் அடிபட்டால், அந்தக் கையோ காலோ கோணலாகவோ குட்டையாகவோ போகலாம். ஊர்ப் பள்ளியில், தெரிந்த ஆசிரியரிடம், மாலையில் வீடு திரும்பும் பிள்ளை கற்றுக்கொண்டது ஒரு மாதிரி. பிற்காலத்தில் ஏழைக் குடும்பங்களில் இருந்து, நேபாளத்தில் இருந்தெல்லாம் சிறுமிகள் கம்பெனிகளுக்குக் கொண்டுவரப்பட்டு, கூடாரத்துக்குள்ளேயே வளர்ந்தது வேறு மாதிரி. அதற்கு 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது. சர்க்கஸ்களில் குழந்தைகளைப் பயன்படுத்தக்கூடாது என்று உத்தரவிட்டது.

புது ஆட்கள் வரத்து குறைய அதுவும் ஒரு காரணம் என்று கம்பெனிக்காரர்கள் சொல்வதுண்டு. சரியான வயதில், சரியான மருத்துவக் கவனிப்போடு பயிற்சி கொடுக்கும் பள்ளிகள் இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. 2010-ல் கேரள அரசு தலச்சேரியில் ஒரு சர்க்கஸ் அகாடமி தொடங்கியது. அது நிலைக்கவில்லை.

கடைசியாக

1939-ல் குஞ்ஞிக்கண்ணன் இறந்தார். அவருடைய மாணவர் எம்.கே.ராமன், டீச்சரின் பெயரிலேயே பயிற்சி மையம் நடத்தி அந்த வேலையைத் தொடர்ந்தார்.

சின்னப் பையனாக குஞ்ஞிக்கண்ணனிடம் மூன்று வருடம் பயின்றவர்களில் ஒருவர் சங்கரன். பிறகு ராணுவத்தில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பியவர், ராமனிடம் மறுபடி பயிற்சி எடுத்துக்கொண்டு பார் வித்தைக்காரர் ஆனார். 1951-ல் நொடித்துப்போயிருந்த ஒரு சின்ன கம்பெனியை விலைக்கு வாங்கிப் புதுப் பெயர் வைத்தார். அதுதான் ஜெமினி சர்க்கஸ். தமிழ்நாட்டில் நம் அப்பா, அம்மா தலைமுறைக்கு சர்க்கஸ் என்றாலே வாயில் வரும் முதல் பெயர்களில் ஒன்று.

ஜெமினி சங்கரன் 2023 ஏப்ரலில் கண்ணூரில் காலமானார். வயது 98.